கேசியோப்பியா ஏ: படத்தில் தெரியாத இரும்பு

கேசியோப்பியா ஏ ஒரு சூப்பர்நோவா எச்சம், அதாவது பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறியதன் மிச்சம். அதன் அந்த வண்ணப் படம் வானியலில் கொஞ்சம் ஆர்வம் உள்ள எவர் கண்ணிலும் பட்டிருக்கும். சிவப்பில் சிலிக்கான், மஞ்சளில் கந்தகம், பச்சையில் கால்சியம், ஊதாவில் இரும்பு, வெளிவிளிம்பைச் சுற்றி நீலத்தில் வெடிப்பின் முன் அலை. சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் தரவிலிருந்து உருவான படம் அது. அதோடு ஒரு விளக்கமும் சேர்ந்தே சுற்றுகிறது: விண்மீனின் ஆழத்தில் பிறந்த இரும்பு இங்கே ஓரத்தில் கிடக்கிறது, ஆகவே வெடிப்பு விண்மீனை உள்வெளியாகப் புரட்டிப் போட்டுவிட்டது என்று. இதைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. தென்கிழக்குப் பக்கத்தில் உண்மையிலேயே அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனாலும் அந்த விளக்கம் கண்ணில் படும்போதெல்லாம் உறுத்துகிறது. அங்கே என்னென்ன இருக்கிறது என்பதை அந்தப் படம் காட்டவில்லை. இருப்பதில் எதெது இதுவரை சூடாகியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், எச்சத்தை வைத்து வெடிப்பைப் பற்றிச் சொல்லும் பேச்சில் பாதி ஆட்டம் கண்டுவிடும்.

எச்சத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. வேற்று விண்மீன் மண்டலங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சூப்பர்நோவாக்கள் பிடிபடுகின்றன. அவை எல்லாமே தொலைநோக்கியில் வெறும் புள்ளிகள். முதல் சில வாரங்களில் வரும் ஒளி வெளிப்புறப் படலத்திலிருந்து வருவது. அதையும் ஒரே திசையிலிருந்துதான் பார்க்க முடிகிறது. கேஸ் ஏ (துறையில் இருப்பவர்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள்) நம்மிடமிருந்து சுமார் 11,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. வானத்தில் ஏறத்தாழ 5 கலை (ஒரு கலை பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலத்துக்கு விரிந்திருக்கிறது. சந்திராவின் கூர்மை அரை விகலை (ஒரு கலைக்கு அறுபது விகலை). ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அறுநூறு கட்டங்களாக அதைப் பிரித்துப் பார்க்கலாம் என்று அர்த்தம். ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக ஒரு நிறமாலை எடுக்கலாம். வேறெந்த முறையிலும் ஒரு வெடிப்பை இவ்வளவு நுணுக்கமாகக் கூறு போட வழியில்லை.

இன்னொரு பெரிய வசதி, வெடித்துச் சிதறிய பொருள் எதன்மீதும் மோதாதவரை நேர்கோட்டில், மாறாத வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும் என்பது. வேகமாகக் கிளம்பியது வெளியே, மெதுவாகக் கிளம்பியது உள்ளே. மையத்திலிருந்து உள்ள தூரத்தைக் கடந்த காலத்தால் வகுத்தால் கிளம்பிய வேகம் கிடைத்துவிடும். அதனால் மோதாத பகுதியைப் பொறுத்தவரை எச்சத்தின் இடப்படமே அதன் வேகப்படமும் ஆகிறது. கேஸ் ஏ வெடித்த ஆண்டைக் கணக்கிட்டதும் இந்த வழியில்தான். 2004இல் ஒன்பது மாத இடைவெளியில் ஹப்பிள் எடுத்த படங்களில் வெளிப்புற முடிச்சுகள் (சிதறலின் சிறு கட்டிகள்) எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்து, பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, ராபர்ட் ஃபெசனும் குழுவினரும் 1681 என்றும் முன்பின் 19 ஆண்டுகள் வரலாம் என்றும் சொன்னார்கள். முடிச்சுகள் வேகமே குறையவில்லை என்று வைத்துக்கொண்ட முந்தைய கணக்கு 1671 என்று வந்தது. வழியில் வேகம் குறைந்திருந்தால் இப்போது அளக்கும் வேகம் உண்மையான சராசரியைவிடக் குறைவாக இருக்கும், வயது கூடுதலாகத் தெரியும். ஆகவே வேகம் மிகக் குறைவாகவே குறைந்த முடிச்சுகளைத் தேடிப் பொறுக்குவதில்தான் இந்த வேலையின் பாதிக் கஷ்டமும் இருக்கிறது. (இந்த ஆண்டுகள் எல்லாம் ஒளி பூமிக்கு வந்து சேர்ந்த காலக்கணக்கு.)

விளக்கு எங்கே எரிகிறது

வெடிப்பின் முன் அலை இன்றும் நொடிக்கு 5,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வெளியே பாய்கிறது. அது சுற்றியிருக்கும் வாயுவை வாரிச் சேர்க்கிறது. சேர்ந்த வாயுவின் அழுத்தம் பின்னால் வரும் சிதறல்மீது திரும்பி அழுத்த, இன்னோர் அதிர்வலை சிதறலுக்குள் புகுகிறது. இதை எதிர் அதிர்வலை என்போம். கேஸ் ஏ-யில் முன் அலை மையத்திலிருந்து சுமார் 8 ஒளியாண்டிலும், எதிர் அலை சுமார் 5 ஒளியாண்டிலும் இருக்கின்றன. படத்தில் பளிச்சென்று தெரியும் வளையம் இந்த எதிர் அலை கடந்து போன இடம். அது தொட்டதும் சிதறல் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி எக்ஸ்-கதிர் வீசத் தொடங்குகிறது. எதிர் அலைக்கு உள்ளே இருக்கும் பொருளோ மூன்றரை நூற்றாண்டாக விரிந்து விரிந்து ஆறிப்போய்க் கிடக்கிறது. அதிலிருந்து ஓர் எக்ஸ்-கதிர்கூட வராது. இருட்டான கிடங்கில் சுவரோரமாகவே விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சுவரோரத்து மூட்டைகள் மட்டும்தான் கண்ணில் படும். நடுவில் என்ன அடுக்கியிருக்கிறது என்று அந்த நடையை வைத்துச் சொல்ல முடியாது.

போதாக்குறைக்கு, இந்த விளக்கு எல்லாவற்றையும் ஒரே அளவில் காட்டுவதும் இல்லை. எக்ஸ்-கதிரின் பிரகாசம் அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. அடர்த்தி இரண்டு மடங்கு ஆனால் ஒளி நான்கு மடங்கு. ஆகவே படத்தில் பிரகாசமாக இருப்பது நிறையப் பொருள் உள்ள இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருக்கமாகக் கட்டிப்போன இடமாக இருக்கலாம். நிறையைக் கணக்கிடும்போது இந்தச் சிக்கல் நேரடியாக அடிக்கிறது. பொருள் அந்தக் கட்டம் முழுவதும் சீராக நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, உண்மையில் அது பத்தில் ஒரு பங்கு இடத்தில் கட்டிகளாக இருந்தால், நம் விடை பத்தின் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது மூன்று மடங்குக்கு மேல், கூடிப்போயிருக்கும். மூன்று மடங்குப் பிசகு என்பது இங்கே சின்ன விஷயமில்லை. ஒரு வெடிப்பு 0.05 சூரிய நிறை நிக்கலை (பின்னால் இரும்பாக மாறுவது அதுதான்) உருவாக்கியதா 0.15 உருவாக்கியதா என்பதை வைத்தே வெடிப்பு மாதிரிகள் தேறுவதும் விழுவதும்.

ஒரு சிறு கட்டத்தின் நிறமாலை

எச்சத்தின் ஒரு துண்டிலிருந்து தனிமங்களின் அளவை எப்படி எடுக்கிறார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சந்திராவின் ஏசிஸ் கருவி ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றல் என்று ஒரு பதிவு வைக்கிறது. அந்தப் பதிவுகளைப் புதிய அளவீட்டுத் திருத்தங்களோடு மறுபடி செயலாக்குவது முதல் வேலை. பிறகு சில விகலை அகலத்தில் ஒரு பகுதியை வெட்டி, அதன் நிறமாலையையும், எச்சத்துக்கு வெளியே ஒரு வெற்றிடத்திலிருந்து பின்னணியையும், அந்த இடத்துக்குரிய கருவியின் துலங்கல் கோப்புகளையும் (எந்த ஆற்றலைக் கருவி எப்படிப் பதிவு செய்யும் என்ற அட்டவணைகள்) எடுக்க வேண்டும். அதற்குப் பின் எக்ஸ்ஸ்பெக் அல்லது ஷெர்பா என்ற மென்பொருளில் மாதிரியைப் பொருத்த வேண்டும். வெப்பநிலை, இடையிலுள்ள வாயு உறிஞ்சும் அளவு, அயனியாக்க வயது, ஒவ்வொரு தனிமத்தின் அளவு, டாப்ளர் நகர்வு (பொருளின் வேகத்தால் ஒளியின் ஆற்றல் மாறித் தெரிவது) எல்லாம் சேர்ந்து பத்துக்கும் மேற்பட்ட எண்கள். மாதிரி நிறமாலையின்மீது அழகாகப் பொருந்திவிடும். பொருந்திவிட்டதால் விடை சரியென்று ஆகிவிடாது.

முதல் இடறல் மாதிரியைத் தேர்ந்தெடுப்பதிலேயே இருக்கிறது. சமநிலை அடைந்த வாயுவுக்கான மாதிரியை இங்கே போடக் கூடாது. அதிர்வலை பட்டதும் வாயு சூடாகிவிடுகிறது, ஆனால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக உரிய நேரம் பிடிக்கிறது. அடர்த்தியையும் கடந்த நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் அயனியாக்க வயது. சமநிலை வர அது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி நொடி அளவை எட்ட வேண்டும். கன சென்டிமீட்டருக்குப் பத்து எலெக்ட்ரான் என்றால் அதற்கு மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். கேஸ் ஏ-க்கு அதில் ஒன்பதில் ஒரு பங்கு வயதுகூட இல்லை. ஆனால் இந்த அரைகுறை நிலைதான் நமக்குக் கிடைத்த வரமும்கூட. அயனியாக்க வயது கூடுதலாக இருக்கும் துண்டு அதிர்வலையை வெகு முன்பே சந்தித்தது. அப்படியென்றால் அது வெளியே இருந்தது, வேகமாகக் கிளம்பியது. தென்கிழக்கு இரும்பு உண்மையிலேயே வெளியே பாய்ந்து வந்தது என்பதற்கு, படத்தில் அது இருக்கும் இடத்தைவிட இந்த எண்தான் வலுவான சாட்சி.

இரண்டாவது, டாப்ளர் நகர்வு. சிலிக்கானின் கோடு (நிறமாலையில் அந்தத் தனிமம் அழுத்தமாக ஒளிரும் ஆற்றல்) சுமார் 1.86 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் (இனிக் கேஇவி) வருகிறது. நொடிக்கு 2,000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் துண்டில் அது 12 எலெக்ட்ரான்வோல்ட்தான் நகரும். ஏசிஸின் பிரிதிறன், அதாவது அது பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளி, நூறு எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல். ஃபோட்டான்கள் ஏராளமாக இருந்தால் கோட்டின் நடுப்புள்ளியை அதைவிட நன்றாகப் பிடித்துவிடலாம், உண்மைதான். ஆனால் அயனியாக்க நிலை மாறினாலும் நடுப்புள்ளி நகரும். சிலிக்கானின் அந்த ஒரே தொகுப்புக்குள் இருக்கும் கோடுகளுக்கிடையே 25 எலெக்ட்ரான்வோல்ட் இடைவெளி உண்டு. எது ஓங்குகிறது என்பதைப் பொறுத்து மொத்தத் தொகுப்பும் இடம்பெயர்ந்ததுபோலத் தோன்றும். வேகம் என்று நாம் எழுதிவைப்பதில் ஒரு பகுதி வேகமே இல்லாமல் போகலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தனிமங்களின் அளவை மென்பொருள் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. கேஸ் ஏ-யின் சிதறலிலோ ஹைட்ரஜன் அநேகமாகவே இல்லை. கோடுகளுக்கு அடியில் இருக்கும் தொடர் ஒளியை ஆக்சிஜன் போன்ற கனத்த தனிமங்களே தருகின்றன. முன் அலையை ஒட்டிய பகுதிகளில் காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. அந்தத் தொடர் ஒளியை யார் கணக்கில் எழுதுவது என்பதைப் பொறுத்து எல்லாத் தனிமங்களின் அளவும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். சிலிக்கானுக்கு இரும்பு எத்தனை பங்கு என்ற விகிதத்தை நம்பலாம். தனித்தனியாகச் சொல்லும் எண்ணை நம்பக் கூடாது. போதாததற்கு ஏசிஸின் வடிகட்டியில் ஆண்டுக்காண்டு படிந்துவரும் மாசு, குறைந்த ஆற்றல் கதிர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டுத் தரவையும் 2018ஆம் ஆண்டுத் தரவையும் அந்தத் திருத்தம் இல்லாமல் பக்கத்தில் வைத்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டதுபோல ஒரு பொய்த் தோற்றம் வரும்.

டைட்டானியம் வந்தது

இவ்வளவுக்கும் பிறகு, அதிர்வலையின் தயவு இல்லாமல் தானே ஒளிரும் ஒரு பொருள் உள்ளே இருந்தால் எப்படி இருக்கும்? இருக்கிறது. கதிரியக்கம் உள்ள டைட்டானியம்-44. அதன் அரை ஆயுள் சுமார் 59 ஆண்டுகள். அது ஸ்கேண்டியம்-44 ஆகச் சிதையும்போது 68, 78 கேஇவி ஆற்றலில் இரண்டு கோடுகள் வருகின்றன. ஸ்கேண்டியம் சில மணி நேரத்தில் கால்சியம்-44 ஆகும்போது 1,157 கேஇவியில் ஒரு காமாக் கோடு வருகிறது. சூடாக இருந்தாலும் ஆறிக் கிடந்தாலும், கட்டியாக இருந்தாலும் பரவி இருந்தாலும் அணுக்கரு தன் கணக்குப்படிதான் சிதையும். ஆகவே இந்தக் கோட்டின் பிரகாசம் அடர்த்தியின் இருமடியைப் பொறுத்ததில்லை. எத்தனை அணு இருக்கிறதோ அத்தனைக்கு நேர்விகிதம். நிறை நேராகக் கிடைத்துவிடுகிறது.

டைட்டானியம் எங்கே பிறக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். விண்மீனின் இரும்பு உள்ளகம் சரிந்து, அணுக்கரு அடர்த்தியில் முட்டி, அதிர்வலை கிளம்புகிறது. ஆனால் நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றுவட்டத்திலேயே அது மூச்சிழந்து நின்றுவிடுகிறது. அதை மறுபடி எது தள்ளிவிட்டது என்பதுதான் அரை நூற்றாண்டுக் கேள்வி. அப்படித் தள்ளிவிடப்பட்ட இடத்துக்கு மிக அருகில், வெப்பம் மிகுந்து அடர்த்தி குறைந்த வாயுவில், ஹீலியம் கருக்கள் முழுதும் ஒன்றுசேர நேரம் இல்லாமல் உறைந்துபோகும் நிலையில் டைட்டானியம்-44 உருவாகிறது. கூடவே நிக்கல்-56உம் உருவாகிறது. நிக்கல் ஆறு நாள் அரை ஆயுளில் கோபால்ட் ஆகி, கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பு ஆகிவிடும். ஆகவே டைட்டானியம் இருக்கும் இடத்தில் இரும்பு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை.

கேஸ் ஏ-யில் 1,157 கேஇவி கோட்டை காம்ப்டன் விண்கலத்தின் காம்ப்டெல் கருவி 1994லேயே கண்டது. ஆனால் அதற்கு எச்சம் முழுவதும் ஒரே புள்ளி; உள்ளே எங்கே என்று சொல்ல வழியில்லை. அந்த வேலைக்கு நுஸ்டார் என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி வர வேண்டியிருந்தது. 2012 ஜூனில் ஏவப்பட்டது. 70 கேஇவி அளவிலான எக்ஸ்-கதிரைக் குவிப்பது லேசான காரியமில்லை. மிகச் சிறிய சாய்கோணத்தில், பல அடுக்குப் பூச்சுள்ள கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கச் செய்து, பத்து மீட்டர் நீளக் கம்பத்தின் மறுமுனையில் கருவியை வைத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பம் சுற்றுப்பாதைக்குப் போன பிறகே விரிக்கப்பட்டது. கண்ணாடிப் பூச்சில் உள்ள பிளாட்டினம் 78.4 கேஇவிக்கு மேல் கதிரை விழுங்கிவிடும். இரண்டாவது கோடு 78.3இல் விழுகிறது! விளிம்பில் தொங்கும் அந்தக் கோட்டை முழுதாக நம்ப முடியாது. படம் வரைய 68 கேஇவி கோடே கைகொடுத்தது. அதிலும் பிறந்த டைட்டானியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் இதற்குள் சிதைந்துபோய்விட்டது. மிச்சமிருக்கும் 2 சதவீதத்தின் மங்கலான கோட்டைப் பிடிக்க 12 லட்சம் நொடிகள் பார்க்க வேண்டியிருந்தது.

பிரையன் கிரெஃபன்ஸ்டெட்டும் குழுவினரும் 2014 பிப்ரவரியில் அந்தப் படத்தை வெளியிட்டார்கள். இந்த விஷயத்தில் திருப்புமுனை எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். அதுவரை இரண்டு கட்சிகள் இருந்தன. கேஸ் ஏ-யின் வடகிழக்கில் சிலிக்கானும் கந்தகமும் பீறிட்டு நீண்டு நிற்கின்றன, எதிர்ப்பக்கத்திலும் அதற்கு ஒரு ஜோடி உண்டு. சுழலும் உள்ளகத்திலிருந்து கிளம்பிய இரட்டைப் பீச்சுதான் விண்மீனை வெடிக்கவைத்தது என்பது ஒரு கட்சி. அது மட்டும் உண்மையென்றால் டைட்டானியம் அந்த அச்சின்மீது வரிசைகட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. வெடிப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்திருந்தால் டைட்டானியம் மையத்தைச் சுற்றிச் சீரான ஓடாக இருக்க வேண்டும். அதுவும் இல்லை. சில பெரிய கட்டிகளாக, மையத்தின் பல பக்கங்களில், ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் இருந்தது. நின்றுபோன அதிர்வலைக்குக் கீழே நியூட்ரினோக்கள் (எதனோடும் அநேகமாக மோதாத நுண்துகள்கள்) வாயுவைச் சூடாக்க, சூடான வாயு சில பெரிய குமிழிகளாகக் கொப்பளித்து ஒருபுறமாகச் சாய்ந்தாடி, கடைசியில் அலையை வெளியே தள்ளிவிட்டது என்ற கணக்கீட்டு மாதிரிகளோடு இந்தக் கட்டிகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றன. விடுபடும் மொத்த ஆற்றலில் 99 சதவீதத்தை நியூட்ரினோக்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அதில் ஒரு சிறு பங்கை வாயு பிடித்துக்கொண்டாலே போதும், விண்மீன் வெடித்துவிடும்.

ஆனால் அந்தப் படத்தின் மிக முக்கியமான செய்தி வேறொன்று. டைட்டானியத்தின் பெரும்பகுதி எதிர் அலைக்கு உள்ளே இருந்தது. சந்திராவின் இரும்புப் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. ஒரே இடத்தில் பிறந்த இரண்டு பொருள்கள் வெவ்வேறு இடத்தில் தெரிகின்றன என்றால், ஒன்று அவை பிரிந்துபோயிருக்க வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் இரும்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். முதல் பார்வையில் இரண்டாவதுதான் இயல்பான விடை: உள்ளே இருப்பது குளிர்ந்த இரும்பு, எதிர் அலை அதை இன்னும் தொடவில்லை. ஊதா நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு இரும்பெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று சொல்வது எவ்வளவு அவசரமான முடிவு என்பது இங்கே தெரிகிறது.

அதே சமயம் இந்த விடையையும் முழுதாக ஏற்றுக்கொண்டு உட்கார முடியவில்லை. 24 லட்சம் நொடிகளாகப் பார்வையை நீட்டித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் டைட்டானியத்தின் தொடக்க நிறை சூரிய நிறையில் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு என்று வந்தது. இடம் இடமாகப் பிரித்துப் பார்த்தபோது டைட்டானியமும் இரும்பும் சேர்ந்திருக்கும் இடங்களும் இருந்தன; இரும்பு நன்றாகத் தெரிந்தும் டைட்டானியம் தென்படாத இடங்களும் இருந்தன. அங்கே இருட்டைக் காரணம் காட்ட முடியாது. அந்த இரும்பு வேறு வெப்பநிலையில், வேறு அடர்த்தியில், உதாரணமாகச் சிலிக்கான் எரிந்து தீரும் சாதாரண வழியில் பிறந்திருக்க வேண்டும். இரும்பு என்பது ஒரே ரகம் இல்லை. 2021இல் டோஷிகி சாட்டோவும் குழுவினரும் தென்கிழக்கு இரும்புப் பாய்ச்சலில் கதிரியக்கமற்ற டைட்டானியத்தையும் குரோமியத்தையும் சந்திரா தரவிலேயே கண்டுபிடித்தார்கள். அந்த விகிதங்கள் ஹீலியம் மிஞ்சி உறைந்த, அதிக வெப்பம் கண்ட குமிழியைத்தான் காட்டுகின்றன. ஆக அந்தக் குறிப்பிட்ட இரும்பு நியூட்ரினோ சூடாக்கிய குமிழி ஒன்று விண்மீனின் மேலடுக்குகளைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்ததுதான். படத்தோடு சுற்றும் விளக்கம் இந்த ஓர் இடத்துக்குப் பொருந்துகிறது. அதையே மொத்த எச்சத்துக்கும் நீட்டுவதுதான் பிழை.

உதைபட்ட நியூட்ரான் விண்மீன்

வெடிப்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது என்பதற்கு டைட்டானியத்தைச் சாராத சாட்சிகளும் இருக்கின்றன. சந்திரா 1999 ஆகஸ்டில் எடுத்த முதல் படத்திலேயே கேஸ் ஏ-யின் நடுவில் ஒரு புள்ளி இருந்தது. அது சரிந்த உள்ளகம் இறுகி மிஞ்சிய நியூட்ரான் விண்மீன். வெடித்த மையத்திலிருந்து தெற்கு நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது. உந்தம் அழியாது. அது ஒருபக்கம் போனால் சிதறல் மறுபக்கம் கூடுதலாகப் போயிருக்க வேண்டும். டைட்டானியத்தின் சராசரி இயக்கமும் சிலிக்கான், கந்தகம் போன்ற இடைநிலைத் தனிமங்களின் பரவலும் அந்த எதிர்ப்பக்கச் சாய்வைத்தான் காட்டுகின்றன.

ஒளி எதிரொலி இதைவிட வியப்பானது. வெடித்தபோது கிளம்பிய ஒளி பக்கவாட்டில் போய், தொலைவிலுள்ள தூசி மேகங்களில் பட்டுத் திரும்பி, இப்போதுதான் நம்மை வந்தடைகிறது. 2008இல் ஆலிவர் கிரவுஸும் குழுவினரும் சுபாரு தொலைநோக்கியில் அதன் நிறமாலையை எடுத்து, இது 1993ஜே என்ற சூப்பர்நோவா போன்ற இரண்டு-பி வகை வெடிப்பு, அதாவது ஹைட்ரஜன் போர்வையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட விண்மீன் வெடித்தது என்று காட்டினார்கள். 2011இல் ஆர்மின் ரெஸ்டும் குழுவினரும் வெவ்வேறு தூசி மேகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு மேகமும் வெடிப்பை ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்த்தது. ஒரு கோணத்தில் மட்டும் ஹீலியம், ஹைட்ரஜன் கோடுகள் நொடிக்கு 4,000 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தைக் காட்டின. நியூட்ரான் விண்மீன் போகும் திசைக்கு ஏறத்தாழ எதிர்த்திசை அது.

சந்திரசேகர் எல்லைக்குக் கீழே

வெள்ளைக்குள்ளன் விண்மீன்கள் (சூரியன் போன்றவை எரிந்து தீர்ந்தபின் மிஞ்சும் அடர்ந்த உள்ளகங்கள்) வெடிக்கும் ஒன்று-ஏ வகைக்கும் எச்சங்கள் இதேபோல் சாட்சி சொல்கின்றன. அங்கே முதலில் தெரிய வேண்டியது இது எந்த வகை என்பது. இரும்பின் கோடு 6.55 கேஇவிக்குக் கீழே விழுந்தால் ஒன்று-ஏ, மேலே விழுந்தால் உள்ளகம் சரிந்த பெரிய விண்மீன் என்று சுசாகு எக்ஸ்-கதிர் விண்கலத்தின் தரவை வைத்து ஹிரோயா யமகுச்சியும் குழுவினரும் 2014இல் காட்டிய விதி கையாள எளிது, காரணமும் தெளிவு. பெரிய விண்மீன்கள் சாகுமுன் அடர்ந்த காற்றை வீசித் தங்களைச் சுற்றி நிரப்பிவைக்கின்றன. அதில் மோதும் சிதறலில் இரும்பு வேகமாக எலெக்ட்ரான்களை இழக்கிறது, கோடு மேலே நகர்கிறது. வெள்ளைக்குள்ளனைச் சுற்றிப் பெரும்பாலும் வெறுமைதான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் சந்திரா தொலைநோக்கிக்கு. வெள்ளைக்குள்ளன் சுமார் 1.4 சூரிய நிறைக்கு மேல் நிலைக்காது என்று அவர் கண்ட எல்லையை எட்டிய பிறகுதான் அது வெடிக்கிறதா, அதற்கு முன்பே வெடிக்கிறதா என்பதை இன்று எச்சங்களை வைத்தே விவாதிக்கிறார்கள். 3சி 397 என்ற எச்சத்தில் மாங்கனீசும் நிக்கலும் மிகுந்திருக்கின்றன. அவ்வளவு உருவாக மைய அடர்த்தி மிக உயர்ந்திருக்க வேண்டும். அதாவது எல்லையை ஒட்டிய நிறை. மாறாக, பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் முகிலில் உள்ள 0509-67.5 என்ற எச்சத்தில் 2025இல் பிரியம் தாஸும் குழுவினரும் விஎல்டி தொலைநோக்கியின் மியூஸ் கருவியால் கால்சியம் இரண்டு ஓடுகளாக இருப்பதைக் கண்டார்கள். மேற்பரப்பில் திரண்ட ஹீலியம் முதலில் வெடித்து, அந்த அதிர்ச்சி உள்ளே பாய்ந்து கார்பன் உள்ளகத்தை இரண்டாவதாக வெடிக்கவைத்தால் இந்த இரட்டை ஓடு வரும். எல்லையை எட்டாமலேயே வெடித்ததற்கான அடையாளம் அது. இங்கும் கால்சியம் தெரிந்தது எதிர் அலை தொட்ட இடத்தில்தான் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி என்ன பார்க்க வேண்டும்

கேஸ் ஏ-யின் உள்ளே ஆறிக் கிடக்கும் பொருள் மொத்தம் எவ்வளவு என்பதிலேயே பெரிய இழுபறி இருக்கிறது. குறைந்த அதிர்வெண் ரேடியோ அலைகளை அது உறிஞ்சும் அளவை வைத்து 2014இல் ஒரு குழு 0.39 சூரிய நிறை என்றது. நெதர்லாந்தின் லோஃபர் தொலைநோக்கியை வைத்து 2018இல் வந்த கணக்கு மூன்று சூரிய நிறை வரை போனது. வெப்பநிலை எவ்வளவு, எவ்வளவு கட்டிகளாக இருக்கிறது என்ற இரண்டு அனுமானங்களும்தான் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன. குளிர்ந்த உட்புறத்தின் வலைப்பின்னலை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் காட்டத் தொடங்கியிருப்பதால் கட்டிகளைப் பற்றிய அனுமானம் இனிக் குறையும்.

வேகத்தை அளக்க ஜப்பானின் எக்ஸ்-கதிர் விண்கலம் எக்ஸ்ரிஸம் 2023இல் போயிருக்கிறது. அதன் ரிசால்வ் கருவியின் பிரிதிறன் 5 எலெக்ட்ரான்வோல்ட்; சிலிக்கான் கோட்டில் முன்பு சொன்ன வேகமா அயனியாக்கமா என்ற குழப்பம் இதில் பெருமளவு தீரும். ஆனால் ஒவ்வொரு படப்புள்ளியும் 30 விகலை அகலம், கேஸ் ஏ-யில் நுண்ணிய துண்டுகளைப் பிரிக்காது. கருவியின் முன்னுள்ள வாயில் திறக்காமல் நின்றுவிட்டதால் 1.7 கேஇவிக்குக் கீழே வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. சிலிக்கான் அந்த ஓரத்தில்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆகவே சந்திராவின் கூர்மையையும் எக்ஸ்ரிஸத்தின் பிரிதிறனையும் சேர்த்தே பொருத்த வேண்டும்; எது ஒன்றும் தனியாகப் போதாது.

டைட்டானியத்துக்கு அடுத்த வாய்ப்பு, 2027இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் நாசாவின் காமாக் கதிர்த் தொலைநோக்கி கோசி. அது ஜெர்மானியம் கருவிகளால் 1,157 கேஇவி கோட்டையே நேராகப் பார்க்கும். அதற்கும் கேஸ் ஏ ஒரு புள்ளிதான், இடம் பிரிக்காது. ஆனால் நொடிக்கு 5,000 கிலோமீட்டர் வேகம் அந்தக் கோட்டை 19 கேஇவி நகர்த்தும். ஜெர்மானியம் சில கேஇவி வரை பிரித்துக் காட்டும். நுஸ்டாரிலோ 68 கேஇவி கோட்டின் நகர்வு 1.1 கேஇவி, கருவியின் பிரிதிறனே 0.9. போதுமான ஃபோட்டான்கள் சேர்ந்தால் கோசி தரும் கோட்டின் உருவத்தை நுஸ்டாரின் இடப்படத்தோடு வைத்து ஒவ்வொரு கட்டியின் வேகத்தையும் சரிபார்க்கலாம். டைட்டானியத்தின் வேகம் உறுதியானால், அதோடு பிறந்திருக்க வேண்டிய இரும்பை எதிர் அலை எந்தப் பக்கத்தில் முதலில் தொடும் என்பதும் கணக்கில் வந்துவிடும். மேற்குப் பக்கத்தில் அந்த அலை இப்போதே மையத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.